மலைநாட்டுக் குளிரில் கார் அலாரம் ஏன் வீணாக அலறுகிறது

இலங்கை மலைநாட்டு டவுன்களில் நடுராத்திரி ஒரு கார் அலாரம் அலறினால் யாரும் ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை. "எவன் வண்டியோ, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிப் பக்கம் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேலே ஏறுகிறவர்கள் விடிய விடிய நடக்க, கீழே வரிசையாக நிறுத்திய வாகனங்களில் ஒன்று மாறி ஒன்று கத்திக்கொண்டே இருக்கும். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தால் நாலு கார் சேர்ந்து பதில் சொல்லும்.

இப்படி அலறும் அலாரம் இல்லாததைவிட மோசம். அக்கம்பக்கத்தார் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சொந்தக்காரருக்கும் வெறுத்துப்போய், ரிமோட்டில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படுக்கிறார். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்துப் பயந்து அலாரம் பூட்டியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களில் பலர் இன்று அதை நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள்.

கராஜுக்குக் கொண்டுபோனால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"பாஸ், ராத்திரி சும்மா சும்மா கத்துது."

"சென்சர் கூடிப்போச்சு சேர். கொஞ்சம் குறைச்சு விடுறேன்."

டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, சிறிய திருகு ஒன்றைத் திருப்பிவிடுவார். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் மழை பெய்தால் பழைய கதைதான். மறுபடி குறைப்பார். கடைசியில் கண்ணாடியைக் கல்லால் அடித்தாலும் அலாரம் வாயே திறக்காது. மழை ராத்திரியில் அலறுவது மட்டும் நிற்காது. அந்தத் திருகு, தட்டினாலோ அதிர்ந்தாலோ உணரும் ஷொக் சென்சருக்கு உரியது. மலைநாட்டில் வீண் அலறலின் முதல் சந்தேக நபர் அது அல்ல, தண்ணீர்தான் என்பது என் கட்சி.

அலாரத்தின் மூளை ஒரு சிகரெட் பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. அதற்குச் செய்தி இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, கதவு, போனட், டிக்கி ஆகியவற்றில் இருக்கும் சுவிட்சுகள். மற்றது, அதிர்வு, சாய்வு, உள்ளே அசைவு போன்றவற்றை உணரும் சென்சர்கள். சந்தையில் கிடைக்கும் மலிவான செட்டுகளில் பெரும்பாலும் ஷொக் சென்சர் ஒன்றுதான் வரும். அதனால் பழி எல்லாம் அதன் தலையிலேயே விழுகிறது.

சரி, தண்ணீர் எப்படி அலாரத்தை அலறவைக்கிறது? போனட் சுவிட்சை எடுத்துக்கொள்வோம். அலாரத்தோடு சேர்த்து வெளியே வாங்கிப் பூட்டுவது இதுதான். போனட்டின் ஓரத்தில், மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் பக்கமாக, ஒரு துளை போட்டு முளை மாதிரி நிறுத்தியிருப்பார்கள். போனட் மூடியிருக்கும்போது முளை அமுங்கி, உள்ளே தொடுகை விலகியிருக்கும். போனட்டைத் தூக்கினால் ஸ்பிரிங் முளையை மேலே தள்ளும். அலாரம் வயர் கார் பாடியோடு, அதாவது எர்த்தோடு, சேரும். மூளைப் பெட்டி அந்த வயரில் ஒரு சிறிய வோல்டேஜை எப்போதும் வைத்திருக்கிறது. வயர் எர்த்தைத் தொட்டதும் வோல்டேஜ் விழும். விழுந்தால் "போனட் திறந்துவிட்டது" என்று அர்த்தம்.

அந்த வோல்டேஜைப் பெட்டி பிடித்து வைத்திருப்பது, மின்னோட்டத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர் என்ற சிறிய பாகம் வழியாக; அதன் தடை மிக அதிகம். பிடி மிகத் தளர்வானது. சுவிட்ச் முழுதாக எர்த்தைத் தொட வேண்டும் என்றில்லை. முளையைச் சுற்றி மண்ணும் துருவும் படிந்து, அதன் மேல் ஈரம் ஏறினால், அந்த ஈரச் சேறே சில ஆயிரம் ஓம்ஸ் தடையுள்ள ஒரு பாதையாகிவிடும். வோல்டேஜ் மெதுவாகக் கசிந்து இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் சைரன்.

வண்டியை நிறுத்தி ஐந்தாறு மணித்தியாலம் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்கு அலறுவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கினிகத்தேனையில் இருந்து ஹட்டன் வரை ஏறி வந்த எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். மழையில் நனைந்த எஞ்சின் அறைத் தண்ணீர் எல்லாம் அந்தச் சூட்டில் ஆவியாகும். நேரம் போகப் போக எஞ்சின் ஆறும். போனட் தகடு அதைவிட வேகமாக, வெளிக் காற்றையும் விடக் குளிராக ஆகிவிடும். ஆவியெல்லாம் தகட்டின் அடிப்பக்கம் வியர்த்து, ஓரமாக வழிந்து, நேராகச் சுவிட்ச் இருக்கும் வாய்க்காலில் இறங்கும். மூன்று மணிக்கு வருகிற திருடன் இவன்தான்.

காலையில் வெயில் ஏறியதும் சுவிட்ச் காய்ந்துவிடும். பதினொரு மணிக்கு கராஜில் பாஸ் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. குற்றவாளி வந்த தடயமே இல்லாமல் போய்விட்டது. கையில் இருப்பது அந்தத் திருகு மட்டும். ஆகவே இந்தச் சோதனையை வீட்டு வாசலில், ஈரம் காயுமுன் செய்ய வேண்டும். முளையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வயரைக் கழற்றி, சுவிட்ச் முனைக்கும் பாடிக்கும் இடையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். நல்ல சுவிட்ச் என்றால் மீட்டர் எந்தப் பெறுமதியும் காட்டாது. பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஏதாவது காட்டினால் கசிகிறது. முந்நூறு நானூறு ரூபாய் மீட்டரே இதற்குப் போதும் என்று சொல்லத்தான் ஆசை; இன்று எந்த விலையில் விற்கிறார்களோ!

போனட் சுவிட்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. போனட் ரப்பர்கள் தேய்ந்தாலோ, முளையை உயரம் பார்க்காமல் பூட்டியிருந்தாலோ, போனட் மூடியிருந்தும் முளை அரைகுறையாகத்தான் அமுங்கியிருக்கும். தொடுகை மயிரிழையில் நிற்கும். தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று பக்கத்தில் போனால் போனட் லேசாக ஆடும், சுவிட்ச் தொட்டுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஷொக் சென்சர் கூடிப்போனது போலவே இருக்கும். போனட் மூடும்போது முளை கால் அங்குலமாவது கீழே போகிறதா என்று பார்க்க, முளைக்குப் பக்கத்தில் அதைவிட உயரமாகக் கொஞ்சம் மாவோ களிமண்ணோ வைத்து மூடித் திறந்து, அமுங்கிய உயரத்தை முளையின் உயரத்தோடு ஒப்பிடலாம்.

கதவுச் சுவிட்சுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. காரணம், அவை உள்ளே எரியும் ரூஃப் லைட்டோடு சேர்ந்தவை. பழைய பல்பின் கம்பிக்குத் தடை மிகக் குறைவு என்பதால், அது அந்த வயரைப் பன்னிரண்டு வோல்ட்டில் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். சில ஆயிரம் ஓம்ஸ் ஈரக் கசிவால் அந்தப் பிடியை அசைக்க முடியாது. ஆனால் பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி போட்டால் கதை மாறும். எல்இடி அப்படி இறுக்கிப் பிடிப்பதில்லை. வயர் தளர்ந்து பாதி வோல்டேஜில் நிற்கும், சின்ன ஈரமும் அதைக் கீழே இழுக்கும். "லைட் மாத்தின பிறகுதான் கத்துது" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், பழைய பல்பைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

வான்களில் பின் கதவைப் பார்க்க வேண்டும். டிக்கியைத் தூக்கி இறக்கும் இடத்தில் வயர்களை மூடிச் செல்லும் ரப்பர் குழாய்க்குள், வருடக்கணக்காக மடிந்து நிமிர்ந்து, வயரின் மேலுறை வெடித்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் பழைய ஹைஏஸ்களில் இது சகஜம். ரப்பரை ஒரு பக்கம் கழற்றி, வயர்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரிந்துவிடும்.

மழை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், பண்டாரவளை, வெலிமடை வழியே காய்ந்த காற்று பலமாக அடிக்கும். அங்கே ஜூலையில் அலறினால் தண்ணீரை விட்டுவிட்டு, வண்டியைக் காற்று ஆட்டுகிறதா என்று பார்ப்பதே சரி. பதுளைப் பக்கத்து மழை ஒக்டோபருக்குப் பிறகுதான் மும்முரமாகும். அலறும் நாட்களைக் கலண்டரில் குறித்து, அன்றைக்கு மழையா, காற்றா, பனியா என்று எழுதி வைத்தால் பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

இனி அந்த ஷொக் சென்சர். உள்ளே அழுத்தம் பட்டால் மின்சாரம் பிறப்பிக்கும் ஒரு தகடோ, கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் ஊசலாடும் காந்தமோ இருக்கும். வண்டி அதிர்ந்தால் அது ஒரு சின்ன வோல்டேஜைத் தரும். பெரும்பாலானவை இரண்டு கட்டமாக வேலை செய்யும். மெல்லத் தட்டினால் "பீப் பீப்" என்று எச்சரிக்கை, பலமாக அடித்தால் முழு அலறல். இந்த வித்தியாசம் பெரிய உதவி. ராத்திரி கேட்டது வெறும் பீப் என்றால் ஷொக் சென்சரைச் சந்தேகிக்கலாம். எச்சரிக்கை இல்லாமல் நேரே முழு அலறல் என்றால், பக்கத்தில் பெரிய இடி எதுவும் விழவில்லை என்றால், சுவிட்ச் பக்கம் போங்கள்.

இதைப் பூட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் பிழை நடக்கிறது. டேஷ்போர்டுக்குள் வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் பஞ்சு டேப்பில் ஒட்டிவிடுவார்கள். பஞ்சு டேப் எங்கள் ஈரத்தில் ஒரு வருடம்கூடத் தாங்காது. தொங்க ஆரம்பித்த சென்சர் வண்டியின் அதிர்வைக் கேட்பதை விட்டுவிட்டுத் தானே ஆடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் இரும்பிலோ, டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் பாரிலோ ஸ்க்ரூ போட்டோ, அசையாதபடி டை போட்டு இறுக்கியோ வைக்க வேண்டும். எஞ்சின் அறையைப் பிரிக்கும் தகட்டில் பூட்டக் கூடாது. ஏற்றம் ஏறி வந்த எஞ்சினும் சைலன்சரும் ஆறும்போது "டிக் டிக்" என்று சுருங்கும் சத்தம் முழுவதும் அந்தத் தகடு வழியே வரும். 

திருகைச் சரிபார்க்க வேண்டிய நேரம் இதற்குப் பிறகுதான். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். அலாரத்தை ஓன் செய்து அரை நிமிடமாவது பொறுங்கள்; பல மாடல்கள் தொடக்கத்தில் சென்சரைக் கவனிப்பதே இல்லை. பிறகு முஷ்டியின் பக்கவாட்டால் கதவுத் தூணில் மெல்ல ஒன்று, பலமாக ஒன்று. முதலாவதுக்கு பீப், இரண்டாவதுக்கு அலறல் வந்தால் போதும். சோதனையை வண்டி வழக்கமாக நிற்கும் இடத்திலேயே செய்வது நல்லது. மெயின் ரோட்டு ஓரத்தில் நிற்கும் வண்டிக்கும் லயத்துக்குப் பின்னால் நிற்கும் வண்டிக்கும் ஒரே அளவு ஒத்துவராது. பூனைகளையும் கணக்கில் வையுங்கள். குளிர் ராத்திரியில் சூடான போனட்டைவிட நல்ல மெத்தை அவற்றுக்குக் கிடைக்காது.

சரிவில் நிறுத்துவது மலைநாட்டில் தவிர்க்க முடியாதது. ஒட்டோ கியர் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போடாமல் "பி"யில் தள்ளிவிட்டு இறங்குகிறவர்கள் பலர். அப்போது வண்டியின் முழுப் பாரமும் கியர்பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஒரு கொக்கியில் சாய்ந்து நிற்கும். பஸ் போகிற காற்றுக்கே வண்டி முன்னும் பின்னும் ஆடும். பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, பிறகு "பி"யில் போட்டால் ஆட்டம் குறையும், அலறலும் குறையும். கியர்பெட்டிக்கும் நல்லது. சில்லைக் கழற்றவோ இழுத்துப் போகவோ வண்டியைத் தூக்கினால் உணரும் சாய்வு சென்சர் உள்ளவர்கள், அது ஒவ்வொரு தடவையும் அலாரம் ஓன் ஆகும்போது அப்போதைய சாய்வையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். சமதரையை அடிப்படையாக வைத்த பழைய வகை இங்கே உதவாது. மழையில் ஊறிய மண்ணில் நிறுத்தினால் ஒரு பக்கச் சில்லு மெல்லப் புதையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காருக்குள் அசைவைப் பார்க்கும் அல்ட்ராசொனிக் சென்சர், காதுக்குக் கேட்காத, ஏறத்தாழ 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்க்கிறது. கண்ணாடி வியர்க்கக் கூடாது என்று ஷட்டரை ஒரு விரல் அளவு இறக்கி வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது சரிவராது. உள்ளே புகும் காற்றே அதற்கு ஆள் மாதிரி. மைக்ரோவேவ் வகை காற்றைப் பொருட்படுத்தாது, ஆனால் கண்ணாடி தாண்டிப் போய் ரோட்டில் நடக்கிறவரையும் பார்த்துவிடும். ஒடுங்கிய ரோட்டு ஓரத்தில் நிறுத்துகிறவர்களுக்கு இரண்டையுமே நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பெட்டரியும் அலறவைக்கும். ஓய்வில் இருக்கும் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் அது ஏறத்தாழக் காலி. அலாரத்தோடு வண்டியில் எப்போதும் ஓடும் மற்றவையும் சேர்த்து 50 மில்லி அம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி போகும். சின்னக் காரின் 35 அம்பியர் மணி பெட்டரியில் பாதி இரண்டு வாரத்தில் தீரும். கொழும்பில் வேலை செய்துவிட்டு மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வருகிறவரின் கார் அலறுவதற்கு இதுவே போதும். ஜனவரியில் புல்லில் பனி உறையும் நுவரெலியா ராத்திரியில் பெட்டரியின் பலம் இன்னும் குறையும். சைரனுக்குள்ளேயே சிறிய பெட்டரி உள்ள வகை என்றால், கார் பெட்டரி இறங்கியதும் "யாரோ வயரை வெட்டிவிட்டார்கள்" என்று நினைத்து அது தானாகவே கத்தும். அப்போது ரிமோட்டுக்கும் அடங்காது, சைரனில் இருக்கும் சின்னச் சாவியைத் திருப்ப வேண்டும். அந்தச் சாவியைத் தொலைக்காதவர்கள் பாக்கியவான்கள்.

சென்சரோடு நேரடித் தொடர்பு இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பல செட்டுகளில் எஞ்சினை நிறுத்தும் ரிலே ஒன்று, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வரும். அதை இக்னிஷன் வயரிலோ பெற்றோல் பம்ப் வயரிலோ பூட்டினால், ஓடும்போதே எஞ்சின் நிற்க வாய்ப்புண்டு. றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்குக்கு இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் உதவி மிஞ்சும். ஈரம் ஏறிய ஒரு ஜொயிண்டுக்காக அந்த ஆபத்தை யாரும் வாங்கக் கூடாது. ரிலேயை ஸ்டார்ட்டர் வயரில் மட்டும், அலாரம் வேலை செய்யாதபோது தொடுகை மூடியே இருக்கும் முனையில் பூட்டச் சொல்லுங்கள். ரிலே செத்தாலும் ஓடுகிற வண்டி ஓடும்.

பழுது தேடும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதல் ராத்திரி ஷொக் சென்சரின் சொக்கட்டை மட்டும் கழற்றிவிட்டு அலாரத்தை ஓன் செய்யுங்கள். அப்படியும் முழு அலறல் வந்தால் சென்சர் நிரபராதி. அடுத்த ராத்திரி சென்சரைத் திரும்பப் போட்டு, போனட் சுவிட்ச் வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி விடுங்கள். எர்த்தைத் தொடாத வயரை அலாரம் மூடிய போனட் என்றே எண்ணும். பிறகு டிக்கி. கதவுகளுக்கு, கதவு மூடியிருக்கும்போது ரூஃப் லைட் மெல்ல மினுக்குகிறதா என்று இருட்டில் பார்த்தால் போதும். சில மாடல்களில், அலறிய பின் நிறுத்தும்போது டேஷ்போர்டு எல்இடி எத்தனை தடவை மின்னுகிறது என்பதே எந்தச் சுவிட்ச், எந்தச் சென்சர் என்று சொல்லிவிடும். அந்தக் கணக்கு செட்டோடு வந்த தாளில் இருக்கும். தாளை எறிந்துவிட வேண்டாம்.

புதிதாகப் பூட்டுகிறவர்களுக்கு ஜொயிண்ட் முக்கியம். வயரை முறுக்கி டேப் சுற்றுவது கொழும்பில் ஒருவேளை ஓடலாம். இங்கே டேப்பின் பசை ஈரத்தில் இளகி, வயர் பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்து, சூட்டுக்குச் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். எர்த் வயரை ஏதோ ஒரு ஸ்க்ரூவில் மாட்டாமல், பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பில் இறுக்க வேண்டும். மஞ்சள் சொக்கட்டுகள் எயார்பேக்குக்கு உரியவை. அவற்றில் டெஸ்ட் லைட்டைக் குத்தவே கூடாது. சைரனின் வாய் கீழ் நோக்கி, தண்ணீர் தேங்காமல் இருக்கட்டும். போனட் சுவிட்சை வாய்க்காலில் இருந்து தள்ளி, காய்ந்த மேடான இடத்தில் வைத்து, வயர் முனைக்குக் கிரீஸ் பூசினால் பல வருடம் தாங்கும்.

காசு கொடுப்பதற்கு முன்னால் பாஸிடம் ஒரு வாளி தண்ணீர் கேளுங்கள். அலாரத்தை ஓன் செய்து, போனட் ஓரங்களிலும் கதவு இடுக்குகளிலும் மெதுவாக ஊற்றி, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் காத்திருங்கள். அலறினால் அங்கேயே, அவர் கண்ணெதிரிலேயே, ஈரத்தோடு மீட்டரை வைக்கலாம்.